கூவத்தில் ஆறு வருஷம், நனையாமல்

பாய்ப்படகு ஓட்டுகிறவனுக்கு முதலாளிகள் மூன்று பேர்: கரையில் நிற்கிறவர், படகில் உட்கார்ந்திருக்கிறவர், அப்புறம் காற்று. மூன்று பேரும் ஒரே நாளில் திருப்தியாக இருந்து நான் பார்த்ததில்லை.

பஸ்ஸில் டிக்கட் கிழிக்கிறவர்கள், சவரக்கடைக்காரர்கள், தையல்காரர்கள் என்று ஜனங்களை உட்காரவைத்துப் பிழைக்கிற எல்லாருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். உங்களிடம் சொன்னால் எனக்கும் கொஞ்சம் மனசு ஆறும். வெள்ளைக்காரன் காலத்தில், யுத்தத்துக்கு முன்னால் தொடங்கி யுத்தம் முடிகிற மட்டும், பட்டணத்துக் கூவத்தில் எனக்கு வேலை. சாயங்காலமானால் ஆறு பேரைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், சூரியன் விழுவதைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடணும். கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். பாயை விரித்தால் படகு தானாக மேற்கே போகும். தூரத்துப் பாலத்துக்கு அடியில் பாய்மரம் நுழையாது. அதனால் அங்கே நிறுத்தி, சூரியனைக் காட்டி, பாயைச் சுருட்டிவைத்துவிட்டு, மூங்கில் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே திரும்புவேன். போகும்போது காற்று, வரும்போது நான்.

வேலைக்குச் சேர்ந்த அன்று

எனக்கு ஊர் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் சென்னீர்குப்பம். இரண்டு வருஷம் மழை பொய்த்ததில் கொல்லைமேட்டில் ஒன்றும் விளையவில்லை. நானும் என் சம்சாரம் அஞ்சலையும் செங்கல் சூளைக்குப் போய்க் கல் சுமந்தோம். சூளைப் புகை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருமினால் ஓயாது, முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எப்படியாவது இவளைச் சூளையிலிருந்து வெளியே கொண்டுவரணும் என்று இருந்தபோதுதான் படகுக்கு ஆள் வேண்டும் என்று சேதி வந்தது.

படகுக்குச் சொந்தக்காரர் சாமுவேல் ஐயா. துறைமுகத்தில் நீராவிப் படகுக்குத் தலைவராக இருந்து ஓய்வு வாங்கினவர். அந்த வேலைக்குச் சாரங்கு என்று பேர். அதனால் எல்லாரும் அவரைச் சாரங்கு ஐயா என்றே கூப்பிடுவார்கள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீந்துவியா?" முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நான் இறங்கினதே கிடையாது. "நான் ஆத்தங்கரைக்காரனுங்க ஐயா. இதே கூவம் எங்க ஊரு ஓரமாத்தான் ஓடுது" என்றேன். இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. வருஷத்தில் பத்து மாசம் அங்கே வெறும் மணல்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு வா. தலைப்பாவை இறுக்கிக் கட்டிக்க, இங்க காத்து ஜாஸ்தி."

வேட்டி ஓரம்

அஞ்சலை சூளைக்குப் போவதை நிறுத்தினாள். ஒரு மாசத்தில் இருமல் பாதியாகக் குறைந்தது. ஆனால் அந்த இருமல் குறைந்த இடத்தில் வேறொரு கவலை வந்து குந்திக்கொண்டது. எனக்கு நீச்சல் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். தினமும் ராத்திரி கடைசி பஸ் பிடித்து நான் ஊருக்கு வந்து வீடு நுழைந்ததும் சோறு போடுவதற்கு முன்னால் குனிந்து என் வேட்டி ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பாள்.

நானும் பயந்து பயந்துதான் ஓட்டினேன். கழியில் சுண்ணாம்பால் மூன்று கோடு போட்டு வைத்திருந்தேன்: முழங்கால், இடுப்பு, நெஞ்சு. நெஞ்சுக் கோட்டுக்கு மேலே காவியில் ஒரு கோடு. அது முழுகுகிற இடத்துப் பக்கமே படகை விடமாட்டேன். எங்கே சேறு, எங்கே மணல், எங்கே பள்ளம் என்று அந்த ஆற்றின் அடி முழுக்க என் உள்ளங்கைக்குப் பாடம். ஏறுகிறவர்களை நடுப்பலகையில் நெருக்கி உட்காரவைப்பேன். "எழுந்து நிக்காதீங்க" என்று போக வர நாற்பது தடவை சொல்வேன். சாரங்கு ஐயாவுக்கு விஷயம் தெரிந்தால் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார், மறுநாள் இவள் சூளைக்குப் போய் நிற்பாள். இதுதான் எனக்கு எந்நேரமும் நினைப்பு. அவளுக்கு வேறு நினைப்பு. வேட்டி ஓரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து சொல்வாள்: "இன்னிக்கும் காஞ்சிகினு வந்துகீறே. நாளைக்கும் இப்டியே வா, எனுக்கு அது போதும்."

ஊர்க்காரர் வந்தார்

எனக்குப் பெரியப்பா முறையாகிற முனுசாமி ஒருநாள் மண்வெட்டி வாங்கப் பட்டணம் வந்தவர் நேராகப் படகுத்துறைக்கு வந்துவிட்டார். ஊர் முழுக்கக் கேட்கிற குரல் அவருக்கு. படியில் நின்றபடியே, "டேய் கன்னியப்பா, கெணத்தாண்ட நிக்கவே ஒனுக்குக் காலு உதறுமேடா. நீயா இத்த ஓட்டிகினு கீறே?" என்றார். நாலடி தள்ளிச் சாரங்கு ஐயா முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். அவர் திரும்பவில்லை. காதில் விழவில்லை என்று நினைத்து, பெரியப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துப் படகில் போட்டு, பாயை விரித்துவிட்டேன்.

நடு ஆற்றுக்கு வந்ததும் பெரியப்பா பலகையில் திரும்பி உட்கார்ந்தார். இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தார். கையை விட்டுத் தண்ணீரை அளைந்து பார்த்தார். "இது இன்னா ஆறுடா?" என்றார். நம்ம கூவம்தான் என்றேன். நம்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்டு உறுதி செய்துகொண்டார். அப்புறம் ரொம்ப மனத்தாங்கலோடு சொன்னார்: "ஏண்டா, இம்மாந் தண்ணியும் இங்க வெச்சிகினுதான் நமக்கு அங்க மணலைக் காட்றானுங்களா?"

அந்தக் கரை

திருநின்றவூரிலிருந்து ஒரு குடும்பம் ரயிலில் வந்தது. முழுகாமல் இருந்த மருமகளைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பும் வழி. கூட மாமியாரும் புருஷனும். படகைப் பார்த்ததும் அந்தப் பெண் நின்றுவிட்டாள். ஏறணும் என்று ஆசை. மாமியாருக்குத் தர்மசங்கடம். மாசமாக இருக்கிறவள் ஆசைப்பட்டதை இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனால் மாசமாக இருக்கிறவள் ஆற்றைத் தாண்டவும் கூடாது. "வர்ற வழியில பாலத்து மேல தாண்டினோமே அத்தே?" என்றாள் மருமகள். "அது பாலம். அதுக்கும் நான் கண்ணை மூடிகினு சாமி கும்பிட்டுகினேதான் வந்தேன்" என்றாள் மாமியார். புருஷன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் குறுக்கே விழுந்து, "தாண்ட வேணாம்மா. ஆத்தோட போயி ஆத்தோடயே இதே கரைக்கு வந்துடலாம்" என்று சொல்லித் தொலைத்தேன். கிழவி பாதி மனசோடு ஏறினாள். அன்றைக்குப் பார்த்துக் காற்று தெற்கேயிருந்து சாய்ந்து அடித்தது. படகு எதிர்க்கரைப் பக்கமே ஒதுங்குகிறது. கிழவி தன் குடையை நீட்டிப் பிடித்து நடு ஆறு எது என்று கோடு பார்த்தபடி, "ஏம்பா, தாண்டுது பாரு, தாண்டுது பாரு" என்கிறாள். நான் பாயைத் தளர்த்தி, சுக்கானைக் காலால் மிதித்து, கழியை வேறு ஊன்றி, எதிர்க்கரையைத் தொடாமல் போய்வந்ததற்குள் தொப்பலாக வியர்த்துவிட்டது. அந்தப் பெண் மட்டும் எதையும் கவனிக்காமல் முகமெல்லாம் வெயிலாக உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது மாமியாருக்குக் கேட்காமல் சொன்னாள்: "அண்ணா, அடுத்த வருசம் புள்ளையோட வரேன். அந்தக் கரைக்கு இட்டுகினு போ. அங்க இன்னாதான் கீதுன்னு பாக்கணும்."

ஆறு மணிச் சூரியன்

யுத்தத்தின் நடுவில் சர்க்கார் உத்தரவு போட்டுக் கடியாரத்தையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள் அல்லவா? எங்கள் துறையில் 'மாலை ஆறு மணிக்கு அஸ்தமனப் படகு' என்று எழுதின பலகையை யாரும் மாற்றவில்லை. அம்பத்தூரிலிருந்து ஒரு பார்சல் குமாஸ்தா வந்தார். சங்கிலி போட்ட கடியாரம், மடித்த குடை. சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். பாலத்தடிக்குப் போய்ச் சேர்ந்தோம். சூரியன் இரண்டு பனைமர உயரத்தில் நின்றுகொண்டு எங்கள் எல்லார் மண்டையையும் பிளக்கிறான்.

குமாஸ்தா கடியாரத்தைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ நான் கயிறு கட்டி மேலே இழுத்துப் பிடித்திருக்கிற மாதிரி. "போர்டுல போட்டபடி நடக்கணும்ப்பா" என்றார். ஏழு மணி ரயிலை விட்டால் அவருக்கு வீடு போக ரொம்ப நேரமாகும். இருந்தாலும் எழுந்திருக்கவில்லை. போட்டதைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று குடையை விரித்து உட்கார்ந்தார். மற்றவர்களும் அவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஏழு மணி ரயில் போனது. அதற்கப்புறமும் வெகுநேரம் கழித்துச் சூரியன் செக்கச்செவேலென்று இறங்கியபோது குடையை மடித்துவிட்டு ஒரு குழந்தை மாதிரி பார்த்தார். திரும்புகிற வழியில் ரயில் போன வருத்தம் கொஞ்சமும் இல்லாமல் சொன்னார்: "எல்லா ஆபீசுக்கும் சர்க்குலர் அனுப்பினான். சூரியனுக்கு ஒரு காப்பி அனுப்ப மறந்துட்டான் பாரு."

மருக்கொழுந்து

கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். தண்ணீர் அப்படியே நிற்கும். அப்புறம் என்ன நடக்கும் என்று நான் சொல்லவேண்டாம், மூக்கு உள்ளவர்களுக்குத் தெரியும். அதற்காகப் பாய்மரத்தில் இரண்டு கட்டு மருக்கொழுந்து கட்டித் தொங்கவிடுவேன். "இன்னாப்பா, சாமி பொறப்பாடா?" என்று கேலி பேசுகிறவர்கள்கூட ஐந்து நிமிஷத்தில் பாய்மரத்துப் பக்கமாக நகர்ந்து உட்காருவார்கள்.

ஆவடி முகாமிலிருந்து ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் சனிக்கிழமை தவறாமல் வருவான். மீசை சரியாக முளைக்காத முகம். யாரோடும் பேசமாட்டான். சுக்கானைக் கொடு என்று சைகை காட்டுவான். கொடுத்தால் என்னைவிட நன்றாகவே பிடிப்பான். ஒருநாள் மழை வந்து முகத்துவாரம் திறந்து, தண்ணீர் கொஞ்சம் தெளிந்திருந்தது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தொபுக்கடீர் என்று குதித்துவிட்டான். நீந்திக்கொண்டே என்னையும் வா வா என்று கூப்பிட்டான். கரையிலிருந்து சாரங்கு ஐயா பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் கழியைக் கெட்டியாகக் கட்டிக்கொண்டு, படகைவிட்டு வரமுடியாது என்று தலையை ஆட்டினேன். ஏறி வந்து தலை துவட்டிக்கொண்டே, சோல்ஜர் கடைகளில் பொறுக்கின தமிழில் அவன் பேசின ஒரே பேச்சு இது. ஊர் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது, கண் கலங்கிச் சொன்னான்: "எங்க ஊர் ஆறு, எங்க அப்பா போட். சேம் நாத்தம்."

அடுத்த சனிக்கிழமை முதல் அவன் வரவில்லை. பட்டாளத்தை எங்கோ அனுப்பிவிட்டார்கள் என்று அவனை ஏற்றிவருகிற ஜட்காக்காரன் சொன்னான்.

அரிசி மண்டிக்காரர்

ஐந்தாவது வருஷம். பூந்தமல்லி அரிசி மண்டி ஏகாம்பரம் முதலியார் சம்சாரத்தோடும் மச்சானோடும் வந்தார். ஆள் நல்ல கனம். பாதி வழியில் மேற்கே, எங்கள் ஊர்ப் பக்கம், அடுப்புக்கரி மாதிரி ஒரு மேகம் ஏறிற்று. கடல்காற்று பொசுக்கென்று நின்றது. வெயில் காலத்தில் அது நின்றால் அடுத்தபடி மேற்கிலிருந்து ஒரு காற்று அறையும். சூளைக் கூரைகள் அதில் பறக்கிறதைப் பார்த்து வளர்ந்தவன் நான். உடனே பாயைக் கீழே இறக்கிவிட்டேன்.

முதலியாருக்குக் கோபம். "பாய்ப்படகுன்னுதானே ஏத்தினே? எறக்கிட்டா இது இன்னா, பரிசலா?" என்று எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லி வாய் மூடுவதற்குள் காற்று வந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. நிமிர்ந்தபோது முதலியார் படகில் இல்லை.

குதிக்கணும் என்று கால் எழுந்தது உண்மை. கை கழியை விடவில்லை. "யாரும் அசையாதீங்க, நடுவுல குந்துங்க" என்று கத்தினேன். கழியை ஊன்றிப் பார்த்தேன், நெஞ்சுக் கோடு. "முதலாளி, காலை ஊணுங்க, நெஞ்சளவுதான்" என்கிறேன், அவர் காதில் ஏறினால்தானே. இரண்டு கையாலும் தண்ணீரை அறைந்துகொண்டிருந்தார். கழியை அவர் அக்குளுக்குள் செருகி இழுத்தேன். மச்சான் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். படகுக்குள் விழுந்து, குடித்த தண்ணீரைக் கக்கி, மூச்சு வந்ததும் முதலியார் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நான் முழுகறேன், நீ நின்ன எடத்துல நின்னுகினு கழிய நீட்டறே. நீ ஓடக்காரனா, கொடிமரமா?"

சாரங்கு ஐயா கேட்டார்

கொட்டுகிற மழையில் துறைக்கு வந்து சேர்ந்தோம். கொட்டகைக்குள் எல்லாரும் நிற்க, முதலியார் நடந்ததைச் சொன்னார். "குதிக்காத ஓடக்காரனை வெச்சிகினு நீங்க ஜனங்கள ஏத்தறீங்க" என்றார். சாரங்கு ஐயா என் பக்கம் திரும்பி, "ஏன் குதிக்கலை?" என்றார்.

என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. நான் குதித்திருந்தால் பிடிக்க ஆளில்லாமல் படகும் கவிழ்ந்திருக்கும். அதுவும் பொய் இல்லை. ஆனால் முதலியார் ஈரத்தில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நிற்கிறார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பாதி உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அஞ்சலையின் இருமல் காதில் கேட்டது. கேட்டும் சொல்லிவிட்டேன்: "எனக்கு நீச்சல் தெரியாதுங்க ஐயா."

முதலில் பேசியது முதலியாரின் சம்சாரம். "அவரு ஒக்காரு ஒக்காருன்னு மூணு வாட்டி சொன்னாரு. நீங்கதான் நின்னீங்க. பாய் மட்டும் மேல இருந்திருந்தா நாம எல்லாருமே உள்ள போயிருப்போம்" என்றாள். முதலியார் ஈரத் துண்டைப் பிழிய ஆரம்பித்தார். சாரங்கு ஐயா என் கையிலிருந்த கழியை வாங்கினார். அதில் போட்டிருந்த கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். கழியைத் திரும்ப என் கையிலேயே கொடுத்தார். "நீந்தறவன் நீந்துவேன்னு சொல்லுவான் கன்னியப்பா. நீ ஊர்க்கதை சொன்னே. என் பெண்டாட்டி பூந்தமல்லிக்காரி. உங்க ஊர் ஆத்துல எத்தனை மாசம் தண்ணி ஓடும்னு எனக்குத் தெரியாதா? உனக்கு முன்னால நாலு பேர வெச்சிருந்தேன். நாலு பேரும் மீன் மாதிரி நீந்துவானுங்க. நாலு பேரும் படகைக் கவுத்தானுங்க" என்றார். அப்புறம் போகத் திரும்பினவர், நின்று சொன்னார்: "நீச்சல் கத்துக்க. ஆனா படகுல கால் வெக்கிறப்ப மட்டும் தெரியாதவனாவே ஏறு."

திங்கட்கிழமை

திங்கட்கிழமை படகு கிடையாது. முனுசாமி பெரியப்பா என் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, ஊர்க்கோடியில் இருந்த தன் கிணற்றில் தள்ளிவிட்டார். எத்தனையோ திங்கட்கிழமை அவர் கிணற்றுத் தண்ணீரில் பாதியை நானே குடித்தேன். வெளியூர் வேலையாகப் போகிறேன் என்று அஞ்சலையிடம் சொல்லிவிட்டுப் போய், காய்ந்த பிறகுதான் வீட்டுக்கு வருவேன். குடுக்கை இல்லாமல் கிணற்றை முதல் தடவை சுற்றி வந்த அன்று காய்கிற வரை பொறுக்க முடியவில்லை. பட்டப்பகலில் சொட்டச் சொட்ட வாசலில் போய் நின்றேன்.

முறத்தோடு நின்றிருந்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னிக்குப் படகே இல்லியே. எங்க உழுந்தே?" என்றாள். விழவில்லை, நீந்தினேன் என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். வழக்கம்போல் குனிந்து என் வேட்டி ஓரத்தைப் பிடித்தாள். நிதானமாகப் பிழிந்தாள். தண்ணீர் முழுக்க வடிகிற வரை விடவில்லை. நிமிராமலேயே சொன்னாள்: "அப்போ இன்னிமே நீ வர்றதுக்கு முந்தியே எனுக்குத் தூக்கம் வரும்."

அதற்கப்புறம் ஒரு வருஷம் ஓட்டினேன், மொத்தம் ஆறு வருஷத்தில் கூவத்துக்குள் ஒரு தடவைகூட விழவில்லை. வழுக்கி விழுந்ததெல்லாம் படகுத்துறைப் படிக்கட்டில்தான், அதுவும் நீச்சல் வந்த பிறகு.